எந்த வலை என்று கேளுங்கள்: முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்குவது

வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மீன் வாங்கவென்று முல்லைத்தீவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பத்து மணிக்குப் பஸ்ஸால் இறங்குகிறார்கள். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, தங்கள் ஊரில் கிடைக்கிற அதே அறக்குளாவைக் கொஞ்சம் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தம்" என்று திரும்புகிறார்கள். அவர்கள் பார்த்தது கரை இல்லை, கரை முடிந்த பிறகு மிஞ்சியது. கள்ளப்பாடு, நகரக்கரை, வட்டுவாகல் என்று கிடக்கிற இந்தக் கடலோரம் விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரைக்கும் வன்னியில் மீன் வாங்க முதல்தரமான இடம். அதற்குப் பிறகு நடுத்தரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்லது. கருவாட்டுக்கு மிக நல்லது, ஆனால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். கடலில் குளிக்க மட்டும் இதைவிட நல்ல இடங்கள் உண்டு.

இடத்தின் கிடையைத் தெரிந்துகொண்டால் மீனும் விளங்கும். கிழக்கே பெருங்கடல். மேற்கே நந்திக்கடல், பேராறும் சின்னச் சின்ன ஆறுகளும் வந்து விழுகிற ஆழமில்லாத களப்பு. இரண்டையும் பிரிப்பது ஒரு மணல்மேடு. அந்த மேடு அறுகிற இடம் வட்டுவாகல். பரந்தனிலிருந்து வருகிற ஏ35 வீதி அந்த வாய்க்கு மேலாகத்தான் பாலத்தில் ஏறி நகரத்துக்குள் இறங்குகிறது. கோடையில் வாய் மணலால் அடைபட்டுக் கிடக்கும். மாரி மழைக்குக் களப்பு நிரம்பி வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். வெட்டின கையோடு களப்பு நீர் கடலுக்கு ஓடும். அதோடு இறாலும் மீனும் இடம் மாறும். வாய் திறந்திருக்கும் நாட்களில் பாலத்தடியிலும் களப்பு விளிம்பிலும் வீச்சுவலையோடு ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். ஆக ஒரே கரையில் இரண்டு வகை மீன் விற்கிறது, கடல் மீனும் களப்பு மீனும். இரண்டுக்கும் ருசி வேறு, வாங்கும் முறை வேறு, கெட்டுப்போகிற விதமும் வேறு.

இந்தக் கரையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி "எப்ப பிடிச்சது?" அதற்கு வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "இண்டைக்கு விடியத்தான்." பொய் என்று சொல்ல முடியாது. வலையை இழுத்தது விடியத்தான். மீன் வலையில் பட்டது எப்போது என்பது வேறு கதை. கேட்க வேண்டியது, "அண்ணை, இது எந்த வலை?" அந்தக் கேள்வியோடு கதையின் தொனியே மாறும், ஆளுக்கு விசயம் தெரியும் என்று விற்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

கரைவலை என்றால் மீன் உயிரோடு மணலில் வந்து விழுந்தது. வலையின் இரண்டு கயிறும் கரையில், நடுவில் மடி. வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கிறார்கள், அது தனியான ஒரு சண்டை. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பாடு என்று பெயர், அதற்கு உரிமை உண்டு, வலைக்காரர் சம்மாட்டி. சாளை, சூடை, கீரி, நெத்தலி, காரல், சின்னப் பாரை எல்லாம் இதில் வரும். விலை மலிவு, புதுசு நிச்சயம். குறை ஒன்றுதான்: மணல். மடியில் நசிந்து வரும்போது செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மணல் ஏறிவிடும். சூடையைத் தலை கிள்ளிக் குடலை எடுத்து, உப்புத் தண்ணீரில் மூன்று தண்ணீர் கழுவாமல் சட்டியில் போட்டால் முதல் வாயிலேயே பல் கூசும்.

வழிவலை இரவில் கடலில் மிதக்க விடுவது. அறக்குளா, சூரை, கட்டா போன்றவை அதில் படும். முதல் சாமத்தில் பட்ட மீன் விடியும்வரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் செத்துத் தொங்கியிருக்கும், கடைசியில் பட்டது துள்ளத் துள்ள வந்திருக்கும். ஒரே வலை, ஒரே குவியல், இரண்டு தரம். படுப்புவலை அடியில் கிடப்பது. அதில் திருக்கை, நண்டு, விளைமீன் எல்லாம் வரும். ஒரு நாள் முழுக்கக் கிடந்த வலை என்றால் நண்டும் புழுவும் மீனின் வயிற்றைக் கடித்திருக்கும். வயிற்றுப் பக்கம் ஓட்டை இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். தூண்டில் மீன் எல்லாவற்றிலும் மேல். ஒவ்வொன்றாகப் பிடித்து உடனே வள்ளத்துக்குள் போட்டது. வாயோரத்தில் கிழிவு இருக்கும், அதுதான் சான்று. பாரையும் விளையும் தூண்டிலில் கிடைத்தால் ஏலத்துக்குப் போகுமுன் கேட்டு வாங்கலாம், விலை சற்றுக் கூடத்தான்.

ஏலம் நடக்கிற விதம் புதியவருக்குக் குழப்பமாக இருக்கும். போட் கரைக்கு ஏறியதும் மீனை மணலிலோ சாக்கிலோ கொட்டுவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், ஏலம் கூறுகிறவர் தொடங்குவார், ஒரு நிமிடத்தில் முடியும். அங்கே குறுக்கே நின்று கை உயர்த்த வேண்டாம். முழுக் குவியலும் தலையில் விழும், அல்லது எல்லாரும் உங்களைப் பார்த்து விலையை ஏற்றுவார்கள். ஏலம் முடிந்ததும் எடுத்தவரிடமே போய் ஒரு கூறு கேட்கலாம். லாரியில் ஐஸ் போட்டு அடுக்கத் தொடங்குமுன் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். இன்னொரு வழி, போட்டில் போனவர்கள் தங்கள் பங்கென்று வைத்திருக்கிற சின்னக் குவியல். குடும்பத்துப் பெண்கள் அதைக் கரையோரத்திலோ ரோட்டோரத்திலோ கூறு கூறாக வைத்து விற்பார்கள். அக்கா என்று கூப்பிட்டு, குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கலாம். நிறுத்து விற்பதில்லை, கூறுக் கணக்கு. வீட்டில் போய் நிறுத்துப் பார்த்தால் சந்தையைவிட மலிவாகத்தான் இருக்கும்.

மீனைப் பார்க்கும் வித்தை எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும்: கண், செவுள், வயிறு. இந்தக் கரையில் அதில் ஒரு திருத்தம் வேண்டும். ஐஸில் பட்ட மீனின் கண் புதுசாக இருந்தாலும் மங்கும். ஆகவே கண் மங்கியதென்று மட்டும் ஒதுக்க வேண்டாம், கண் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செவுளைத் திறந்து நிறத்தோடு வழுவழுப்பையும் பாருங்கள். செவுளில் தெளிந்த வழுவழுப்பு நல்லது, பழுப்பான பசை கெட்டது. செவுளை முன்கூட்டியே பிடுங்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். விரலால் அமர்த்திய குழி உடனே எழும்ப வேண்டும்.

வெடி வைத்துப் பிடித்த மீன் இந்தப் பக்கக் கரைகளில் இன்னும் வந்துபோகிறது. பார்வைக்கு அது புத்தம்புதுசு, கண்ணாடி மாதிரிக் கண், செவுளும் சிவப்பு. அதுதான் ஏமாற்றம். மீனை வாலிலும் தலையிலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் நடுவில் மடியும். கண்ணுக்குள்ளும் செவுள் அடியிலும் இரத்தம் கட்டியிருக்கும். வெட்டினால் வயிற்றறையில் இரத்தமும் கிழிந்த காற்றுப்பையும் இருக்கும், முள்ளை விட்டுச் சதை தானாகக் கழரும். அது அன்று மாலையே மணக்கத் தொடங்கிவிடும். சட்டவிரோதம் என்பது ஒருபக்கம், காசுக்கும் நட்டம்.

சூரையும் கும்பளாவும் வாங்குவோருக்கு ஒரு கண்டிப்பான சொல். இந்த இரண்டும் வெயிலில் சில மணித்தியாலம் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும். பார்த்தால் தெரியாது, மணத்திலும் பல சமயம் தெரியாது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். எங்கள் ஆட்கள் "கிரந்தி மீன்" என்று மீனின் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். அதில் பாதி, ஐஸ் போடாத குற்றம். சூரை வாங்கினால் கரையிலேயே ஐஸுக்குள் போக வேண்டும். முடியாவிட்டால் வாங்காதீர்கள். மூச்சு முட்டல் வந்தால் வைத்தியசாலை, கைமருந்து பார்க்க நேரமில்லை.

இனி நண்டு. இங்கே இரண்டு இனம் முக்கியம். கடலில் பிடிபடுவது நீலக்கால் நண்டு. களப்பில் பிடிபடுவது கறுத்துப் பருத்த களிநண்டு. பெரிய களிநண்டுகளை ஏற்றுமதிக்காரர் கரையிலேயே எடுத்துவிடுவார்கள். கைக்கு வருவது நடுத்தரமும் சின்னதும். விலையும் கொழும்பு விலையைத்தான் பார்க்கும், மலிவென்று எதிர்பார்க்க வேண்டாம். பார்க்கிற முறை இது. நண்டைப் புரட்டி, கால்கள் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் அடியோட்டைப் பெருவிரலால் அமர்த்துங்கள். கல்லு மாதிரி நின்றால் சதை நிறைந்தது. தகடு மாதிரி உள்ளே போனால் அண்மையில் ஓடு கழற்றியது, தண்ணி நண்டு, கறியில் வெறும் ஓடும் குழம்பும்தான் மிஞ்சும். அளவில் ஒரே மாதிரி இரண்டு நண்டில் பாரமானது எது என்று கையில் தூக்கிப் பாருங்கள், அது பிழைக்காது. நிலவு நாட்களில் நண்டு சதையில்லை என்பது மீனவர் வாயில் எப்போதும் இருக்கிற சொல். அதை நம்பாதவரும் அந்த நாட்களில் அமர்த்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. அடிமடலில் முட்டை தள்ளிக்கொண்டு நிற்கிற தாய்நண்டை வாங்காமல் விடுங்கள். கிலோ நண்டில் மூன்றில் ஒரு பங்கு சதை வந்தால் நல்ல நண்டு.

கொண்டுபோவதிலும் இரண்டுக்கும் வித்தியாசம். களிநண்டை கட்டின கட்டோடு ஈரச்சாக்கில் சுற்றி, நிழலில், காற்றுப்பட வைத்தால் உயிரோடு அடுத்த நாள்வரை நிற்கும். ஐஸில் புதைக்கவோ உப்பில்லாத நல்ல தண்ணீரில் போடவோ கூடாது. நீலக்கால் நண்டு தண்ணீரை விட்டு ஏறினால் சில மணித்தியாலத்தில் சாகும். அதை உயிரோடு கொண்டுபோக மெனக்கெட வேண்டாம். கரையிலேயே ஓட்டைப் பிரித்து, பூவை (நண்டின் செவுளை) எடுத்து, கழுவி, ஐஸில் வைப்பது மேல். எப்போது செத்ததென்று தெரியாத நண்டு எந்த விலைக்கும் வேண்டாம்.

நந்திக்கடல் இறாலைப் பற்றிப் பெருமை பேசுவது வன்னியில் வழக்கம், பேச்சில் உண்மையும் உண்டு. சின்னது, ஓடு மெல்லியது, இனிப்பு. கடல் இறாலைப்போலப் பருமன் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். வீச்சுவலைக்காரரிடம் வாங்கினால் பிடித்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. இறாலின் தலை கறுத்தால் கெட்டுப்போய்விட்டது என்று எறிகிறார்கள். கறுப்பு முதலில் வருவது தலைக்குள் இருக்கிற நொதியத்தால், அழுகலால் அல்ல. ஆனால் அது வந்தால் ஐஸ் காணாமல் நேரம் போயிற்று என்று அர்த்தம், விலையைக் குறைக்கக் கேட்கலாம். தலை கழன்று தொங்கினால், காரமான மணம் மூக்கில் ஏறினால், அது கெட்டது. நெடுந்தூரம் போகிறவர் தலையைக் கிள்ளிவிட்டு ஓட்டோடு ஐஸில் வைக்க வேண்டும். ஒரு கிலோ முழு இறாலைத் தலையும் ஓடும் போக உரித்தால் அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் நிற்கும், விருந்துக்கு அளவு பார்க்கிறவர்கள் அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

களப்பு மீனில் சிலருக்குச் சேற்று மணம் பிடிக்காது. தண்ணீர் குறைந்து வெயிலில் கிடக்கும் மாதங்களில் அது கூடும். தோலையும் வயிற்றின் உள்பக்கக் கறுத்த சவ்வையும் உரசி எடுத்து, பழப்புளிக் கரைசலில் கால் மணித்தியாலம் ஊறவிட்டால் பெரும்பகுதி போகும். ஓரா, ஒட்டி வாங்கினால் முதுகு முள்ளையும் வயிற்றுப்பக்க முட்களையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை அமிழ்த்தி வைத்தால் கடுப்பு இறங்கும், சூடு பொறுக்கிற அளவுக்குத்தான்.

ஐஸ் விசயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். சொப்பிங் பையில் மீன், மேலே ஒரு கைப்பிடி ஐஸ், முடிச்சு. ஒரு மணித்தியாலத்தில் அது இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறின மீன். முறை இப்படி: றெஜிஃபோம் பெட்டி, அடியில் ஒரு மூலையில் பென்சில் பருமன் துளை. அடியில் உடைத்த ஐஸ், பிறகு மீன், பிறகு ஐஸ், பிறகு மீன், மேலே தடிப்பாக ஐஸ். மீன் எத்தனை கிலோவோ ஐஸும் அத்தனை கிலோ. வவுனியாவுக்குள் என்றால் இரண்டு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போதும், வெயில் ஏறினால் அதுவும் போதாது. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீனின் குடலையும் செவுளையும் கரையிலேயே எடுத்துவிட்டு, வயிறு கீழே பார்க்க அடுக்குங்கள், ஐஸ் நீர் உள்ளே தங்காது. வெட்டித் துண்டு போட்டது என்றால் ஐஸ் நேரே தொடாமல் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் ருசி தண்ணீரோடு போகும். கட்டி ஐஸை அப்படியே வைத்தால் மீனைச் சுற்றிக் காற்றுத்தான் இருக்கும், குளிர் பிடிக்காது. உடையுங்கள்.

இவ்வளவுக்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். பரந்தனிலிருந்து ஏ35, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். மாங்குளத்திலிருந்து ஏ34, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகவும் ஏறக்குறைய அதே தூரம். பஸ்ஸை நம்பி விடியற்கரையைப் பிடிக்க முடியாது. சொந்த வாகனத்தில் நான்கரைக்குப் புறப்பட வேண்டும், அல்லது முதல்நாள் வந்து தங்க வேண்டும். இருட்டில் ஓடுகிறவர்கள் ஒட்டுசுட்டான் பக்கம் மாடும் யானையும் வீதியில் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. வட்டுவாகல் பாலம் பழையது, ஒடுங்கியது, நீண்டகாலம் சேதத்தோடேயே ஓடியது. புதிய பாலத்துக்கான வேலையை 2025இல் தொடங்கினார்கள். மழைநாட்களில் பாலத்தால் போகலாமா என்று புதுக்குடியிருப்பிலேயே கேட்டுவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கமாகச் சுற்ற வேண்டிவரும். தங்குமிடங்கள் நகரத்தைச் சுற்றி இருக்கின்றன, சுத்தமான படுக்கை, மின்விசிறி, அவ்வளவுதான். கடலைப் பார்த்த அறை என்று கூடக் காசு கொடுக்க வேண்டாம், இரவில் கடல் தெரியாது, பகலில் நீங்கள் கரையில் நிற்பீர்கள்.

காலம் பார்த்துப் போக வேண்டும். வாடைக்காலம், அதாவது ஐப்பசியிலிருந்து மார்கழி கடந்தும், கடல் கொந்தளிக்கும், போட் இறங்காத நாட்கள் நிறைய. அந்த நாட்களில் கடல் மீன் வெளியூர் ஐஸ் மீனாக இருக்கும். களப்பு மீனுக்கும் இறாலுக்கும் அதுதான் காலம். பங்குனி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை கடல் அமைதி. மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது இந்தக் கரை தரைமறைவில் கிடக்கும். (கச்சான் என்றால் காற்று. கோயில் வாசலில் வறுத்து விற்கிற கச்சான் வேறு. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்புவது வழக்கம்.) அதே மாதங்களில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால் அங்கிருந்து தென்னிலங்கைத் தொழிலாளர் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்ய வருவார்கள். உள்ளூர் மீனவருக்கு அதில் கடுமையான மனக்குறை உண்டு. வெளிச்சம் போட்டுப் பிடிப்பது, தங்கூசி (நைலோன் ஒற்றை இழை) வலை, எல்லை தாண்டி வருகிற இந்திய றோலர் (இழுவைப்படகு) என்று அந்தக் குறை நீளும். வாங்குகிறவருக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். றோலர் வந்து வலை அறுத்த இரவுக்கு அடுத்த காலை கரையில் விலை கேட்டால் புரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். நகரத்துக் கடைகளில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் சோறு. அதற்குப் பிறகு போனால் சோறு ஆறியிருக்கும், நல்ல துண்டு முடிந்திருக்கும். குத்தரிசியா பச்சையரிசியா என்று கேட்டு உட்காருங்கள். மீன் குழம்பு இந்தப் பக்கத்தில் உறைப்பு, பழப்புளி தூக்கல், தேங்காய்ப்பால் கடைசியில் கொஞ்சம். குழம்பில் மேலே எண்ணெய் தெளிந்து மிதந்தால் காலையில் வைத்து ஆறவிட்டது, அதுதான் நல்லது. பாலும் தண்ணீரும் பிரிந்து நின்றால் இப்போது அவசரத்தில் சூடாக்கியது. பொரித்த மீனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து ஆசைப்பட வேண்டாம், விளிம்பு கருகி நடு கறுத்திருந்தால் இரண்டாம் முறை எண்ணெயில் போட்டது. இறால், கணவாய், நண்டு என்று தனியாகக் கேட்டால் விலையை முதலே கேளுங்கள், தட்டு வந்த பிறகு கேட்பதில் பிரயோசனமில்லை. சூடை தீயல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புளியும் மிளகாய்த்தூளும் போட்டு வற்ற வற்ற எடுப்பது. பல கடைகளில் விற்பனைக்கு வைப்பதில்லை, சமைக்கிறவர்கள் தங்களுக்கென்று வைத்திருப்பார்கள். அன்று வைத்திருந்தால் தருவார்கள், அதுதான் அந்தச் சமையலறையின் உண்மையான கை.

கருவாட்டுக்கு வருவோருக்குப் பார்வை வேண்டும். நல்ல முறை: மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, ஓர் இரவு ஊறல், பிறகு கழுவி, தரையில் இல்லாமல் பரணில் மூன்று நான்கு நாள் வெயில். மணலில் காய்ந்தது மலிவு, ஆனால் நிறையில் பாதி மணல். நெத்தலி வளைத்தால் ஒடிய வேண்டும். கட்டா, பாரை, சுறாக் கருவாட்டைத் தடித்த இடத்தில் விரலால் அமர்த்துங்கள், உள்ளே மெத்தென்றால் மேல் மட்டும் காய்ந்தது, இரண்டு கிழமையில் புழு. மேலே இளஞ்சிவப்புப் பூச்சு படர்ந்திருந்தால் அது உப்பிலேயே வாழ்கிற கிருமி, துடைத்து விற்பார்கள், மடிப்புகளுக்குள் பாருங்கள். ஈயே அண்டாத கருவாட்டுக் குவியலைக் கண்டால் சந்தோசப்பட வேண்டாம், என்ன தெளித்தார்கள் என்று யோசியுங்கள். மாரியில் வாங்காதீர்கள். சித்திரைக்குப் பிறகு காய்ந்தது நல்லது. வீட்டில் ஒருநாள் வெயில் காட்டி, கடதாசியில் சுற்றி வையுங்கள். பொலித்தீனில் வியர்க்கும்.

குளிப்பைப் பற்றிச் சுருக்கமாக. கரை செங்குத்து, நான்கு அடி வைத்தால் ஆழம். அலைகள் உடையும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் கறுத்து அமைதியாகத் தெரியும். புதியவர்கள் அதுதான் பாதுகாப்பென்று அங்கே இறங்குவார்கள். அது இழுவை, கடலுக்குத் திரும்புகிற தண்ணீர் ஓடும் வாய்க்கால். அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வர வேண்டும். முகத்துவாரம் வெட்டின நாட்களில் வட்டுவாகல் பக்கம் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். காப்பாற்ற ஆள் நிற்பார் என்று நினைத்து இறங்கும் கடல் இதில்லை.

ஊரின் பழைய கதை இந்த வீதியிலேயே கிடக்கிறது. 1715இல் ஒல்லாந்தர் இங்கே கோட்டை போட்டார்கள். அதை 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். கோட்டை பார்க்கலாம் என்று யாரும் வர வேண்டாம், பார்க்க ஒன்றும் இல்லை. 2004 மார்கழி 26இல் கடல் இந்த நகரத்தை அள்ளிக்கொண்டு போனது, கரையோர வீடுகள் பல புதிதாகத் தெரிவது அதனால். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து சனம் நடந்து வெளியேறியது இந்த வட்டுவாகல் பாலத்தால்தான். மே 18ஐ ஒட்டிய நாட்களில் வீதியோரத்தில் கஞ்சி கொடுப்பார்கள், வாகனத்தை நிறுத்தி வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள், அன்று கரையில் விலை பேசித் திரிய வேண்டாம். வட்டுவாகலில் கடற்படைத் தளம் இருக்கிறது, காணிப் பிரச்சினை ஓயவில்லை, அந்தப் பக்கம் கமராவை எடுக்காமல் இருப்பது புத்தி. பற்றைக் காடுகளில் மிதிவெடிப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம்.

இன்னொரு நாளும் கரை வேறு மாதிரி இருக்கும். நந்திக்கடல் கரையில் இருக்கிற வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல். அதற்கு முன்னால் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அந்தக் கிழமை சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் மச்சம் இல்லை, கடைகளும் மரக்கறிக்கு மாறும். பொங்கலன்று வருகிற சனத்தில் முள்ளியவளை வீதியால் மீன்பெட்டியோடு போவது நடவாத காரியம். பொங்கலுக்கென்றால் பொங்கலுக்கு மட்டும் வாருங்கள்.

தெற்கே போக நேரமிருந்தால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய். அளம்பிலில் கூட்டம் குறைவு, கூறு சற்றுப் பெரிது. கொக்கிளாய்ப் பக்கக் கடல்மணல் கறுத்திருக்கும், இல்மனைற்று. அங்கே மணலில் கொட்டின மீனைக் கழுவ இன்னும் இரண்டு தண்ணீர் கூட வேண்டும். கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து பறவைகள் சரணாலயம். மாரி முடிந்த கையோடு போனால் பூநாரையும் காணலாம்.

திரும்பும்போது பஸ் என்றால் பெட்டியின் துளையை ரேப்பால் அடைத்து, பெட்டியைச் சாக்குக்குள் இறக்கிக் கட்டுங்கள். மீன் தண்ணீர் ஒழுகுகிற பெட்டியைக் கொண்டக்டர் ஏற்ற மாட்டார், ஏற்றினாலும் பக்கத்து ஆசனக்காரர் மாங்குளம் வரைக்கும் உங்களை விட மாட்டார். இடையில் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி அடைப்பை எடுத்து ஒருமுறை வடியவிட்டு, மறுபடி அடைத்துக்கொண்டு ஏறுங்கள்.